மெட்டும் சொல்லும் சுரக்கூட்டும்: ‘லே ஃபெய் மோர்த்’ என்னும் பிரெஞ்சுப் பாடலின் வரலாறு

1. ஆய்வுப் பொருள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பாரிஸில் பிறந்த பாடல்களுள், ஜோசப் கோஸ்மா மெட்டமைத்து ஜாக் பிரெவேர் எழுதிய ‘லே ஃபெய் மோர்த்’ அளவுக்கு நெடுந்தூரம் சென்றவை மிகச் சில. ‘சருகுகள்’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்பாடல், 1945இல் ஒரு பாலே நடனத்தின் இசைப்பகுதியாகத் தோன்றி, 1946இல் வெளிவந்து தோல்வியுற்ற ஒரு திரைப்படத்தில் துண்டு துண்டாக ஒலித்து, 1949இல் இவ் மோந்தானின் குரலில் இசைத்தட்டாகிப் பிரான்சு முழுவதும் பரவி, 1955இல் சொல்லே இல்லாத பியானோ இசையாக அமெரிக்கப் பாடல் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்து, அதே பத்தாண்டு முடிவதற்குள் ஜாஸ் கலைஞர்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாகவும் ஆகிவிட்டது.

ஒரு பாடலின் வெற்றியை விளக்க முற்படுவோர் பாடகரின் குரல், கவிதையின் ஆழம், காலத்தின் மனநிலை ஆகியவற்றுள் ஒன்றையோ மூன்றையுமோ காரணமாகக் காட்டுவது வழக்கம். இப்பாடலைப் பொறுத்தவரை இக்காரணங்கள் ஒவ்வொன்றும் வழியில் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. அமெரிக்கப் பியானோ இசைத்தட்டில் குரலும் இல்லை, கவிதையும் இல்லை. அதை வாங்கியவர்கள் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் வாழ்ந்த பாரிஸ் மக்களும் அல்லர். எனவே, பாடலின் உறுப்புகள் ஒன்றையொன்று சாராமல் தனித்து நிற்கத்தக்க வலிமையுடன் அமைந்திருந்ததும், ஒவ்வொரு கட்டத்திலும் அது எதையேனும் விட்டுவிட்டு எஞ்சியதைக் கொண்டு வாழ முடிந்ததுமே அதன் பரவலுக்கு அடிப்படை என்னும் கருத்தை இவ்வுரை முன்வைக்கிறது. நடனத்தை விட்டு மெட்டும், படத்தை விட்டுப் பாடலும், பாடலை விட்டுப் பல்லவியும், பல்லவியையும் விட்டுச் சுரக்கூட்டும் பிரிந்து சென்ற வரிசையைப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன.

2. இருவர் கூட்டு

மெட்டமைத்த கோஸ்மா 1905இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்து, அந்நகரின் லிஸ்ட் இசைக் கல்விக்கழகத்தில் பயின்று, பின்னர் பெர்லினுக்குச் சென்று, நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லர் ஆகியோரின் வட்டத்தில் பழகியவர். கடைத்தெருவில் முணுமுணுக்கத்தக்க எளிய மெட்டுக்குள் செறிவான இசையறிவைப் பொதிந்துவைக்கும் கலையை அவ்வட்டத்தினர் ஒரு கொள்கையாகவே போற்றினர் என்பது, கோஸ்மாவின் பிற்காலப் பாடல்களைப் புரிந்துகொள்ள உதவும் செய்தியாகும். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவர் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார்.

சொல்லெழுதிய பிரெவேர் 1900இல் பாரிஸை ஒட்டிய நொய்யி நகரில் பிறந்தவர். 1920களில் சர்ரியலிசக் கவிஞர்களோடு இருந்து, பின் அவர்களைப் பிரிந்து, 1932 முதல் ‘ஒக்டோபர் குழு’ என்னும் தொழிலாளர் நாடகக் குழுவுக்காக எழுதிக் குவித்தவர். வேலைநிறுத்தம் நடக்கும் ஆலைகளிலும் கூட்டங்களிலும் நடிப்பதற்கென்று எழுதப்பட்ட அந்நாடகங்களே, கேட்ட மாத்திரத்தில் விளங்கும் பேச்சுமொழியை அவருடைய கவிதைக்குப் பழக்கின எனலாம். இருவரும் 1930களின் நடுவில் சந்தித்து, கோஸ்மா இசையமைத்த பிரெவேர் பாடலொன்று ழான் ரெனுவார் இயக்கிய ‘லெ கிரீம் து மொசியே லாஞ்ஜ்’ (1936) படத்தில் இடம்பெற்றதிலிருந்து அவர்களின் கூட்டு நிலைபெற்றது.

1940இல் பிரான்சு வீழ்ந்து, ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு யூதர்களைப் பல தொழில்களிலிருந்து விலக்கும் சட்டத்தை அவ்வாண்டு அக்டோபரில் பிறப்பித்தபோது, கோஸ்மா நாட்டின் தென்கிழக்கே கடலோர ஆல்ப்ஸ் பகுதியில் ஒதுங்கி வாழ நேர்ந்தது. தம் பெயரில் இசையமைக்கும் உரிமையையும் அவர் இழந்தார். பிரெவேர் எழுத மார்செல் கார்னே இயக்கிய ‘லே ஆன்ஃபான் தியு பாரதி’ படத்துக்கு அவர் மறைவிலிருந்தே இசை எழுத, மோரிஸ் திரியே என்னும் இசையமைப்பாளர் வெளியுலகுக்கு முகமாக நின்றார்; அரங்க அமைப்பாளர் அலெக்சாண்டர் திரோனரும் யூதராதலால், அவருக்காக லெயோன் பார்சாக் அவ்வாறே நின்றார். விடுதலைக்குப் பின் 1945 மார்ச்சில் அப்படம் வெளியானபோதுதான், மறைவில் பணியாற்றியவர்கள் என்ற குறிப்போடு கோஸ்மா, திரோனர் இருவர் பெயரும் திரையில் காட்டப்பட்டன. ‘லே ஃபெய் மோர்த்’ மெட்டு அதற்கடுத்த சில மாதங்களிலேயே மேடை ஏறியது.

3. நடன மேடையில் பிறந்த மெட்டு

1945 ஜூன் 15 அன்று பாரிஸின் சாரா பெர்னார் அரங்கில், அப்போது 21 வயதே நிரம்பிய நடனக் கலைஞர் ரோலான் பெத்தி ‘லெ ராந்தேவு’ என்னும் பாலேவை அரங்கேற்றினார். கதையைப் பிரெவேரும் இசையைக் கோஸ்மாவும் அளிக்க, பாரிஸின் இரவுத் தெருக்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற பிராசாயின் ஒளிப்படங்கள் பெரிதாக்கப்பட்டு மேடையின் பின்புலங்களாக நிறுத்தப்பட்டன. முன்திரையாக, மெழுகுவர்த்தித் தண்டும் முகமூடியும் கொண்ட பிக்காசோவின் ஓவியம் தொங்கியது. விதியே ஒரு பாத்திரமாக வந்து இளைஞன் ஒருவனை மரணத்துக்கு இட்டுச்செல்லும் அக்கதையில், காதலர் இருவர் சேர்ந்தாடும் பகுதிக்கு எழுதப்பட்ட இசையிலிருந்தே பிற்காலப் பாடலின் மெட்டு கிளைத்தது.

இங்கே கவனிக்கத்தக்கது, கோஸ்மாவும் பிரெவேரும் வழக்கமாகப் பணியாற்றிய முறை தலைகீழானதாகும். பிரெவேரின் கவிதை முதலில் இருக்க, அதன் பேச்சோட்டத்தைப் பின்பற்றிக் கோஸ்மா இசையமைப்பதே அவர்களின் பழக்கம். இப்பாடலில் மெட்டு முந்திப் பிறந்து நடனமாகவும் ஆடப்பட்டுவிட்ட பிறகு, திரைப்படத்தின் தேவைக்காகப் பிரெவேர் மெட்டுக்குப் பாட்டெழுதினார். சொல்லின் துணையின்றியே ஒருமுறை மேடையில் நின்று காட்டிய மெட்டு என்பதால், பின்னாளில் சொல் நீங்கியபோதும் அது தளரவில்லை. 1946இல் வெளிவந்து பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்ற பிரெவேரின் ‘பரோல்’ தொகுப்பில் இப்பாடல் இல்லை என்பதும், இது புத்தகக் கவிதையாகத் தொடங்கி இசைக்கு வந்தது அன்று என்பதற்குச் சான்றாகும்.

4. தோல்வியுற்ற படம்

பாலேயின் கருவை விரித்துக் கார்னேயும் பிரெவேரும் உருவாக்கிய ‘லே போர்த் து லா நுயி’ திரைப்படம், 1945 பிப்ரவரி மாதத்துப் பாரிஸில் ஓரிரவில் நடப்பதாக அமைந்தது. ஜெர்மானியரின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தாலும் போர் முடியாத, உணவும் கரியும் கிடைக்காத, கள்ளச்சந்தை செழித்த அக்குளிர்காலத்தில், பார்பேஸ் பகுதியில் சந்திக்கும் ஆணும் பெண்ணும் காதல்கொள்வதையும், எதிரிக்கு ஆள்காட்டியவர்களின் பழி அவர்களைத் தொடர்வதையும் படம் சொல்கிறது. பார்பேஸ் ரோஷுவார் மெட்ரோ ரயில் நிலையத்தைத் திரோனர் படப்பிடிப்புத் தளத்தில் முழு அளவில் கட்டி எழுப்பினார். போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டுக் காலத்தில் அச்செலவு பெரும் பேச்சுக்கு இடமானது.

முதன்மைப் பாத்திரங்களுக்கு மார்லீன் டீட்ரிக்கும் ழான் கபேனும் முதலில் கருதப்பட்டனர். டீட்ரிக் விலக, கபேனும் விலகி, இருவரும் ‘மர்த்தேன் ரூமாஞ்ஞாக்’ என்னும் வேறொரு படத்தில் சேர்ந்து நடிக்கச் சென்றுவிட்டனர். அவ்விடங்களில் நத்தாலி நாத்தியேயும், திரையில் பெரிதும் அறியப்படாத 24 வயது மேடைப் பாடகர் இவ் மோந்தானும் அமர்த்தப்பட்டனர். இத்தாலியின் மோன்சுமானோ தெர்மேயில் இவோ லிவி என்ற பெயரில் பிறந்து, மார்செய் நகரின் தொழிலாளர் பகுதியில் வளர்ந்து, 1944 முதல் பாடகி எதித் பியாஃபின் ஆதரவில் பாரிஸ் மேடைகளில் ஏறியவர் மோந்தான்.

படத்தில் பாடல் முழுமையாக முன்வைக்கப்படவில்லை என்பது இன்றைய கேட்போருக்கு வியப்பளிக்கும். விதியாக நடித்த ழான் விலார் அம்மெட்டை வாயிசைக் கருவியான ஹார்மோனிக்காவில் ஊதுகிறார். மோந்தான் அதை முணுமுணுக்கிறார். நாத்தியே பாடுவதாக வரும் இடத்தில் ஒலிப்பதோ, திபுஸ்ஸியின் ‘பெலெயாஸ் எ மெலிசாந்த்’ இசை நாடகத்தில் மெலிசாந்தாகப் பாடிப் பெயர்பெற்ற இரேன் ஜோவாகிமின் பின்னணிக் குரல். 1946 டிசம்பரில் வெளியான படம் படுதோல்வி அடைந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்பதை மறந்துவிட விரும்பிய மக்களுக்கு அப்படம் அதையே நினைவூட்டியதும், போருக்கு முந்தைய படங்களின் விதிக்கொள்கை பழமையாகப் பட்டதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கார்னேயும் பிரெவேரும் சேர்ந்து முடித்த படங்களுள் இதுவே இறுதியானது.

5. மேடைக்கும் இசைத்தட்டுக்கும்

படம் அரங்குகளிலிருந்து இறங்கிய பின் பாடலைக் காத்தவை இரண்டு: அச்சிட்ட தாளும் சிறு மேடையும். பிரான்சில் அக்காலத்தில் ஒரு பாடல் வெளிவந்ததும், மெட்டும் சொல்லும் மட்டும் அடங்கிய மலிவான மடிப்புத் தாளாக அதைப் பதிப்பாளர் விற்பது வழக்கம். ‘பெத்தி ஃபொர்மா’ எனப்பட்ட அத்தாளை வாங்கியவர் வீட்டிலும் விடுதியிலும் அப்பாடலைத் தாமே பாடிக்கொள்ளலாம். 1947இல் ஏனோக் பதிப்பகத்தின் உரிமைக் குறிப்போடு வெளியான இப்பாடல், யாருடைய குரலுக்கும் கட்டுப்படாத நிலையை அவ்வாறே எய்தியது.

சேன் ஆற்றின் இடக்கரையிலுள்ள சேன்-ஜெர்மேன்-தெ-ப்ரே பகுதியின் சிற்றரங்குகள், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இலக்கியச் சுவையுள்ள பாடலுக்குப் புகலிடமாயின. நூறு பேருக்கும் குறைவானோர் நெருங்கியமர்ந்து கேட்கும் அவ்வறைகளில் ஒலிபெருக்கியும் பெரிய வாத்தியக் குழுவும் தேவைப்படவில்லை. சொல் தெளிவாகக் கேட்டால் போதும். இப்பாடலை முதன்முதலில் மேடையில் ஏற்றவர்களுள் ஒருவரான கோரா வோகேரும், கோஸ்மாவின் வேறு பாடல்களால் அறிமுகமான ஜூலியத் கிரெகோவும் அவ்வகை மேடைகளின் கலைஞர்களே. மோந்தான் 1949இல் அதை இசைத்தட்டில் பதிந்து, தம் தனிக் கச்சேரிகளில் நிலையான உருப்படியாகவும் ஆக்கிக்கொண்டபோது, இச்சிற்றரங்கின் பாடுமுறை பெரும் அரங்குகளுக்குச் சென்றது.

மோந்தானின் பாடுமுறையைச் சற்று நெருங்கிக் காண்பது நன்று. பாடலின் முதற்பகுதியை அவர் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட குரலில், தாளத்தை இறுக்கிப் பிடிக்காமல், எதிரே நிற்கும் ஒருவருக்குச் சொல்வதுபோல் சொல்லிச் செல்கிறார். பல்லவி தொடங்கும்போதுதான் மெட்டு முழு வடிவத்தில் எழுகிறது, அப்போதும் குரல் உரக்கவில்லை. பழைய காதலையும், அதில் எஞ்சியவற்றைக் காய்ந்த இலைபோல வாரி அள்ள நேர்வதையும், பிரிந்தோரின் சுவட்டைக் கடல் அழிப்பதையும் சொல்லும் பாடலைக் கதறிப் பாடாமல் அடக்கிப் பாடியதில்தான் அவருடைய வெற்றி இருந்தது. படத்தில் முணுமுணுத்த நடிகரே, படம் மறக்கப்பட்ட பின் பாடலின் உரிமையாளர்போல மக்கள் நினைவில் பதிந்தார்.

6. பாடலின் கட்டுமானம்

பிரெஞ்சு வடிவம் இருவகைப் பகுதிகளால் ஆனது. ‘கூப்லே’ எனப்படுவது கதையைச் சொல்லிச் செல்லும் நீண்ட பகுதி. ‘ரெஃப்ரான்’ எனப்படுவது திரும்ப வரும் பகுதி, அதாவது பல்லவி. தமிழ்த் திரையிசையில் தாளம் தொடங்கும் முன் வரும் தொகையறா செய்யும் வேலையை இங்கே கூப்லே செய்கிறது எனினும், இது தொகையறாவைக் காட்டிலும் மிக நீளமானது. நினைவுகூருமாறு முன்னாள் காதலியை வேண்டுவதும், சருகு என்னும் உருவகம் அறிமுகமாவதும் இப்பகுதியில்தான்.

பல்லவி 32 தாளக்கட்டுகள் கொண்டது. எட்டெட்டாக நான்கு பகுதிகளாகும் அதில் முதலிரண்டும் ஒன்றே. அம்முதல் எட்டில் மெட்டு மூன்று சுரங்களைப் படிப்படியாக ஏறி, ‘ஸ’விலிருந்து ‘ம’வுக்குத் தாவும் அளவுக்கு ஒரு தாவல் தாவி, எட்டிய சுரத்தில் நீண்டு நிற்கிறது. அடுத்த தொடர் அதே வடிவத்தை ஒரு சுரம் கீழிருந்து தொடங்குகிறது. மூன்றாவது இன்னும் ஒரு சுரம் கீழிருந்து. இதன் விளைவாக, ஒவ்வொரு தொடரும் தனியே பார்த்தால் ஏறினாலும், நீண்டு நிற்கும் சுரங்களை மட்டும் கோத்துப் பார்த்தால் அவை படிப்படியாக இறங்குகின்றன. கேட்பவர் ஒருமுறையிலேயே மெட்டைப் பிடித்துக்கொள்ள ஒரே வடிவம் திரும்ப வருவது உதவுகிறது. சலிப்பு ஏற்படாதிருக்க அந்த இறக்கம் உதவுகிறது.

மெட்டுக்கு அடியில் ஒலிக்கும் ‘கார்டு’களின், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளின், அமைப்பு இன்னும் நேர்த்தியானது. ஜி மைனர் சுருதியில் எழுதினால் அவற்றின் அடிச்சுரங்கள் சி, எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ, டி, ஜி என வருகின்றன. ஒவ்வொன்றும் முந்தையதன் நான்காம் சுரத்துக்கு நகர்ந்து, ஏழு சுரங்களையும் ஒருமுறை தொட்டு, வீட்டுச் சுரமாகிய ஜியில் வந்து சேர்கிறது. மேலைஇசையில் ஐந்தாம் சுர வட்டம் எனப்படும் இந்நகர்வின் முற்பாதி பி ஃபிளாட் மேஜரில், அதாவது கர்நாடக இசை சங்கராபரணம் என்னும் சுர அமைப்பில், தங்குகிறது. பிற்பாதி அதே சுரங்களைக் கொண்டு தொடங்கும் ஜி மைனரில், அதாவது நடபைரவியின் அமைப்பில், முடிகிறது. முடிவை நெருங்கும்போது நிஷாதம் உயர்த்தப்படுவதால் கீரவாணியின் சாயலும் சேர்கிறது. கிரக பேதம் அறிந்தோர்க்கு, சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதாரமாகக் கொண்டால் நடபைரவி பிறக்கும் என்பது தெரிந்ததே. எட்டே தாளக்கட்டுகளுக்குள் மேஜரின் வெளிச்சத்திலிருந்து மைனரின் நிழலுக்குப் பாடல் வலிந்து திரும்பாமல் நகர்வதற்கு இவ்வுறவே காரணம்.

7. அட்லாண்டிக்கைக் கடத்தல்

அமெரிக்க வடிவத்துக்குச் சொல் எழுதியவர், கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தை 1942இல் தொடங்கிய மூவருள் ஒருவரான ஜானி மெர்சர். அவர் பிரெவேரை மொழிபெயர்க்க முயலவில்லை. நீண்ட கூப்லேயை முற்றிலும் விலக்கி, பல்லவியின் 32 தாளக்கட்டுகளுக்கு மட்டும், சன்னலருகே விழும் இலைகளைப் பார்த்துக் காதலரை எண்ணும் ஒருவரின் கூற்றாகச் சில வரிகளைப் புதிதாக எழுதினார். ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்ற பெயரில் 1950இல் ஜோ ஸ்டாஃபோர்ட் பாடிய பதிவு தொடங்கிப் பல பதிவுகள் இவ்வடிவில் வந்தன. எதித் பியாஃப் இரு மொழிகளிலும் கலந்து பாடினார்.

பிரெஞ்சுக் கவிதையை நேசிப்போர் கூப்லே நீங்கியதை இழப்பாகவே கருதுவர், அது நியாயமே. பாடுவோர் யார், எவரை நோக்கிப் பேசுகிறார், எது முடிந்துபோனது என்பனவெல்லாம் அதனோடு போய்விட்டன. எனினும், அந்த வெட்டே பாடலை எவரும் எங்கும் எடுத்தாளத்தக்க சிறு வடிவாக்கியது.

1955இல் பியானோ கலைஞர் ரோஜர் வில்லியம்ஸ் எஞ்சியிருந்த சொல்லையும் விலக்கினார். மெட்டை நிதானமாக வாசித்து, தொடர்களுக்கிடையே உயர்சுரங்களிலிருந்து கீழ்நோக்கி விரைந்தோடும் சுர வரிசைகளை அலங்காரமாகச் சேர்த்த அவரது பதிவு, ‘பில்போர்டு’ இதழின் பட்டியலில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இலை விழுவதைச் சொல்லும் வரிகள் போனபின், விழுதல் என்னும் செய்கையை வலக்கை விரல்கள் நடித்துக் காட்டின என்று அவ்வலங்காரத்தைக் கொள்ளலாம். அடுத்த ஆண்டில் ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கி ஜோன் கிராஃபோர்ட் நடித்த ஹாலிவுட் படமொன்று பாடலின் ஆங்கிலத் தலைப்பையே தன் பெயராகச் சூடிக்கொள்ள, நாட் கிங் கோல் அதில் பாடினார். 1957இல் ஃபிராங்க் சினாட்ராவும் பதிந்தார். 1959இல் மோந்தான் தம் தனிநிகழ்ச்சியோடு நியூயார்க் மேடைக்கு வந்தபோது, அவர் பாடியதே மூலவடிவம் என்றாலும், மெட்டு அந்நகரத்தார்க்குப் பல ஆண்டுகளாகப் பழகிய ஒன்றாகியிருந்தது.

8. ஜாஸ் கலைஞர்களின் கையில்

ஜாஸ் இசையில் ஒரு பாடலின் கார்டு வரிசையை மாறாமல் சுழலவிட்டு, அதன்மேல் ஒவ்வொரு கலைஞரும் மனோதர்மமாகப் புதுப்புது மெட்டுகளைப் புனைவர். இதற்குப் பொதுவில் பயன்படும் பாடல்கள் ‘ஸ்டாண்டர்டு’ எனப்படும். இவ்விசையின் இலக்கணத்தில் மிகுதியாக வருவது, சுரமண்டலத்தின் இரண்டாம், ஐந்தாம், முதலாம் கார்டுகள் இவ்வரிசையில் வருவதாகிய நகர்வு. கோஸ்மாவின் பல்லவியிலோ முதல் எட்டுத் தாளக்கட்டுகளுக்குள்ளேயே இந்நகர்வு மேஜரில் ஒருமுறையும் மைனரில் ஒருமுறையும் அடுத்தடுத்து வந்துவிடுகிறது. ஜாஸ் பயிலும் மாணவர்க்கு இப்பாடலைத் தொடக்கப் பாடமாகக் கொடுக்கும் வழக்கம் பரவியதற்கு இதுவே காரணம்.

1955இல் அஹ்மத் ஜமால் தம் மூவர் குழுவோடு பதிந்த வடிவத்தில், பாடலுக்கு முன் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு தாள அமைப்பை வைத்தார். அவரைப் பெரிதும் மதித்த எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், 1958 மார்ச் 9 அன்று சாக்சஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’ தொகுப்புக்காக வாசித்தபோது, அவ்வழியிலேயே அமைந்த முன்னிசையோடு தொடங்கினார். ஏறத்தாழ 11 நிமிடம் நீளும் அப்பதிவில், எக்காளத்தின் வாயை மூடும் ‘மியூட்’ பொருத்தி, மெட்டின் நீண்ட சுரங்களுக்கிடையே நிறைய வெற்றிடம் விட்டு டேவிஸ் வாசிக்கிறார். மோந்தானின் அடக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு காட்டச் சான்றில்லை. நீண்ட சுரத்தில் மெட்டு தானே நிற்பதால், இருவரும் அங்கே மிகையின்றி நிற்க இடம் கிடைத்தது என்பதே பொருத்தமான விளக்கம். 1959 டிசம்பர் 28 அன்று பில் எவன்ஸ், ஸ்காட் லஃபாரோ, பால் மோஷன் ஆகியோர் பதிந்த வடிவத்தில் பியானோவும் பாஸும் துண்டு துண்டான உரையாடலாகத் தொடரை மாற்றி மாற்றி ஏற்கின்றன. அங்கே மெட்டும் பின்னுக்குப் போய், அடியிலுள்ள சுரக்கூட்டின் நகர்வே பாடலாக நிற்கிறது.

9. முடிவுரை

1961இல் செர்ஜ் கேன்ஸ்பூர், பிரெவேரின் அந்தப் பாடலையே பொருளாகக் கொண்டு ‘லா ஷான்சோன் து பிரெவேர்’ என்னும் புதுப் பாடலைப் பாடினார். பதினைந்தே ஆண்டில் ஒரு திரைப்பாடல் மற்றொரு பாடலின் கருப்பொருளாகும் அளவுக்குப் பொதுச்சொத்தாகிவிட்டது என்பதற்கு அது சான்று.

இவ்வரலாறு பாடல் ஆய்வுக்கு ஒரு முறையைப் பரிந்துரைக்கிறது. ஒரு பாடல் எங்கே பிறந்தது, யார் பாடினார் என்று மட்டும் கேட்டால், ‘லே ஃபெய் மோர்த்’ மோந்தானின் பாடலாகவோ, போருக்குப் பிந்தைய பாரிஸின் சோகமாகவோ சுருங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் எது கைவிடப்பட்டது, எஞ்சியது எதனால் நின்றது என்றும் சேர்த்துக் கேட்டால், கடைத்தெரு மெட்டுக்குள் நுட்பமான கட்டுமானத்தைப் பொதிந்த கோஸ்மாவின் பங்கு உரிய அளவில் தெரியவரும். சொல்லையும் குரலையும் புகழ்வதில் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியை மெட்டின் படிவரிசைக்கும் கார்டுகளின் நகர்வுக்கும் ஆய்வாளர்கள் ஒதுக்குவார்களானால், நடு நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாடல்களுள் ‘லா மேர்’, ‘லா வி ஆன் ரோஸ்’ போன்ற பிறவும் ஏன் கடல் கடந்தன, அதே ஆண்டுகளில் பிறந்த பல நல்ல பாடல்கள் ஏன் பிரெஞ்சு மொழி எல்லைக்குள் நின்றுவிட்டன என்பதற்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கும்.